லொகேஷன் போடலாமா, வேண்டாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

காடு, மலை, கடல் என்று சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் போனை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று இந்த முறை ஏகப்பட்ட கடிதங்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தால் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: நமக்குத் தெரிந்த தகவலை யாரிடம் கொடுப்பது, கொடுத்த பிறகு அதை வைத்து யார் முடிவெடுப்பது. சிலருக்கு நீளமாகவும் சிலருக்கு நாலே வரியிலும் பதில் எழுதியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: மலையேறப் போன இடத்தில் அரிய ஆர்க்கிட் ஒன்றைப் பார்த்தேன். படத்தை இடத்தோடு இன்ஸ்டாகிராமில் போட்டதும் ஒரு நண்பர் திட்டித் தீர்த்துவிட்டார். ஆனால் ஆராய்ச்சியாளர்கள் ‘பார்த்ததைப் பதிவு செய்யுங்கள்’ என்றுதானே சொல்கிறார்கள்? யார் சொல்வது சரி? (கல்லூரி மாணவி)

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். நீங்கள் தகவலைக் கொடுத்த இடம்தான் தவறு.

சீனாவில் ஒரு குகைப் பல்லி உண்டு, கோனியூரோசாரஸ் லூயி என்று பெயர். 1999-ல்தான் அது புதிய இனம் என்று அறிவியல் உலகுக்கு அறிவித்தார்கள். எங்கே கிடைத்தது என்பதையும் வழக்கம்போல எழுதினார்கள். வீட்டில் வளர்ப்பதற்காக அரிய பல்லிகளைத் தேடி வாங்கும் சந்தை ஒன்று இருக்கிறது, அந்த வியாபாரிகளும் ஆய்வுக் கட்டுரை படிக்கிறார்கள். எந்த இடத்தில் கண்டுபிடித்தார்களோ அந்த இடத்திலேயே பல்லி இல்லாமல் போய்விட்டது என்று 2006-ல் சயன்ஸ் இதழில் ஆய்வாளர்களே எழுத வேண்டியதாயிற்று. ஆர்க்கிட் பிரியர்களும் இதில் சளைத்தவர்கள் அல்ல. பல்லியாவது ஓடிப் பார்க்கும், செடி எங்கே ஓடும்?

இதற்காகவே, பார்த்த செடி, பிராணிகளைப் படத்தோடு பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில், அழியும் ஆபத்தில் இருக்கும் இனங்களின் இடத்தை மற்றவர்களுக்குத் துல்லியமாகக் காட்டுவதில்லை. சுமார் 20 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு கட்டத்துக்குள் எங்காவது ஒரு புள்ளியைத்தான் காட்டும், பார்த்த தேதியையும் மங்கலாக்கிவிடும். பட்டியலில் இல்லாத இனமானாலும் நீங்களே அந்த வசதியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் ஈபேர்ட் தளத்திலும் வேட்டை, பிடிப்பு ஆபத்து உள்ள பறவைகளுக்கு இதே மாதிரி ஏற்பாடு இருக்கிறது. ஆக, ஆராய்ச்சிக்கு வேண்டியது போய்ச் சேரும், பறிப்பவன் கைக்குப் போகாது.

சமூக ஊடகத்தில் இந்தத் தடுப்பு எதுவும் கிடையாது. அங்கே போடுவதானால் பொதுவாக மலைத்தொடரின் பெயர் போதும். கேமராவில் லொகேஷனை அணைத்துவிடுங்கள். பின்னணியில் அடையாளம் தெரிகிற பாறையோ அருவியோ இருந்தால் வெட்டிவிடுங்கள். கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கும் பறவையானால் பருவம் முடிந்த பிறகு போடுங்கள், லைக் எங்கேயும் ஓடிவிடாது. போட்டதை இப்போதாவது எடுத்துவிடுங்கள். நண்பரிடம் நன்றி சொல்லலாம், திட்டிய தொனிக்கு வேண்டுமானால் தனியாகச் சண்டை போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சஃபாரி ஓட்டுநர்கள் வாட்ஸ்அப் குழு வைத்து விலங்கு நிற்கும் இடத்தை உடனுக்குடன் பகிர்கிறார்கள். பயணிகளுக்கு நல்லதுதானே?

முதலில் வந்து சேரும் வண்டிக்கு மட்டும் நல்லது. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் இப்படிப்பட்ட செயலிகள் பரவிய பிறகு, வண்டிகள் வேகமாக விரட்டிப் போவதும் விலங்குகள் அடிபடுவதும் ஒரே சிங்கத்தைச் சுற்றி வண்டிகள் முண்டியடிப்பதும் பெருகிவிட்டதாக 2016-லேயே பூங்கா நிர்வாகம் வெளிப்படையாகக் கவலை தெரிவித்தது. அதே குழுவில் தகவலை மாலையில், எல்லா வண்டியும் வெளியேறிய பிறகு போடச் சொல்லிப் பாருங்கள். நிர்வாகத்துக்கு அது உபயோகமான பதிவு, விலங்குக்கும் தொல்லை இல்லை.

கேள்வி: செயலிகளில் நான் போடும் படங்களை நிஜமாகவே யாராவது பயன்படுத்துகிறார்களா? இல்லை, சும்மா பாயிண்ட் சேர்க்கிற விளையாட்டா?

பயன்படுத்துகிறார்கள், சில இடங்களில் ஆச்சரியப்படும் அளவுக்கு. திமிங்கலச் சுறாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உடம்பில் இருக்கும் வெள்ளைப் புள்ளிகள் ஒவ்வொரு சுறாவுக்கும் வேறு வேறு. வானியலில் நட்சத்திரப் படங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பதற்காக 1986-ல் எழுதிய ஒரு கணக்கு முறையை இந்தப் புள்ளிகளுக்குப் பொருத்தி, 2005-ல் மூன்று பேர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களில் ஒருவர் கடல் உயிரியலாளர், ஒருவர் கணினிக்காரர், இன்னொருவர் வானியற்பியலாளர். அன்றிலிருந்து, செவுளுக்குப் பின்னால் உள்ள பக்கவாட்டுப் பகுதி தெளிவாகத் தெரியும்படி ஒரு சுற்றுலாப் பயணி எடுத்த படம் போதும், அது எந்தச் சுறா, இதற்கு முன் எங்கே தென்பட்டது என்று சொல்லிவிடலாம். உடம்பில் ஆணி அடித்து அட்டை மாட்ட வேண்டியதில்லை.

கூன்முதுகுத் திமிங்கலத்துக்கு வால். அதன் அடிப்பக்கத்துக் கறுப்பு வெள்ளைக் கோலத்தை வைத்து ஆளை அடையாளம் காணும் ஹேப்பிவேல் தளம் 2015-ல் தொடங்கியது. ஆய்வாளர்கள் எடுத்த படங்களோடு, திமிங்கலம் பார்க்கப் படகேறிய சாதாரணப் பயணிகளின் படங்களும் அதில் சேர்ந்துகொண்டே போயின. அவற்றை வைத்துத்தான், வட பசிபிக்கில் 2012-ல் சுமார் 33,000 ஆக இருந்த இந்தத் திமிங்கலங்கள் 2021-ல் சுமார் 26,600 ஆகக் குறைந்துவிட்டன என்று 2024-ல் கணக்குச் சொன்னார்கள். நடுவில் 2014 முதல் 2016 வரை அந்தக் கடலைச் சூடாக்கிய வெப்ப அலைதான் முக்கியக் காரணமாக இருக்கும் என்கிறார்கள். யாரோ கடற்பயணத்தில் சந்தோஷமாக எடுத்த வால் படத்திலிருந்து இவ்வளவு தூரம் போக முடிகிறது.

இன்னும் எளிமையான ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். சிட்னியில் 2017-ல் தொடங்கிய கோஸ்ட்ஸ்னாப். கடற்கரையைப் பார்த்தபடி ஒரு கம்பத்தில் போன் வைக்கும் தாங்கி, அவ்வளவுதான். வருகிறவர் போகிறவர் எல்லோரும் அதில் போனை வைத்துப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். கோணம் மாறாததால், அலையேற்றத்துக்கான கணக்கைக் கழித்துவிட்டுக் கரை எவ்வளவு அரித்திருக்கிறது, எவ்வளவு மணல் திரும்பியிருக்கிறது என்று அளக்க முடிகிறது. பயணிக்கு எந்த அறிவும் தேவையில்லை, தாங்கியில் போனை நேராக வைத்தால் போதும்.

குறைகளும் உண்டு. ஜனங்கள் விடுமுறை நாளில், சாலை ஓரத்தில், கண்ணுக்கு அழகான பெரிய பிராணிகளைத்தான் பதிவு செய்கிறார்கள். அதனால் வரைபடத்தில் புள்ளி அதிகம் இருக்கும் இடத்தில் உயிரினம் அதிகம் என்று சொல்ல முடியாது, சாலை நன்றாக இருக்கிறது என்று வேண்டுமானால் சொல்லலாம். இதைச் சரிக்கட்டத்தான் ஈபேர்டில் ‘நீங்கள் அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் எழுதியிருக்கிறீர்களா?’ என்று கேட்கிறார்கள். ஆம் என்று சொன்னால், பட்டியலில் இல்லாத பறவை உங்கள் கண்ணில் படவில்லை என்பதும் ஒரு தகவலாகிவிடுகிறது. எனவே காக்கையையும் மைனாவையும் விடாமல் எழுதுங்கள். பாயிண்ட், முதலிடம் எல்லாம் எனக்குப் பிடிக்காத விஷயங்கள். ஒரு இனத்தைக் கூட்டிக் காட்டவேண்டும் என்று புதருக்குள் புகுந்து மிதிப்பவர்களை உருவாக்குவது அதுதான்.

கேள்வி: வனத்தில் ட்ரோன் விடலாமா? அனுமதி வாங்கித்தான்.

அனுமதி கிடைத்தாலும் பறவைகள் கூடு கட்டும் இடத்தில் வேண்டாம். 2021 மே மாதம் கலிஃபோர்னியாவின் போல்சா சிகா உப்பங்கழியில் ஒரு ட்ரோன் விழுந்தது. கூட்டமாக முட்டையிட்டிருந்த ஆலாக்கள் பயந்து மொத்தமாகப் பறந்துபோய்விட்டன. ஆயிரத்துக்கு மேற்பட்ட முட்டைகள் அப்படியே கிடந்தன, பறவைகள் திரும்பி வரவில்லை. அங்கே ட்ரோனுக்குத் தடை இருந்தும் நடந்தது இது.

கேள்வி: எங்கள் மலைக்கிராமத்தில் நாங்களே ஒரு சுற்றுலாக் குழு நடத்துகிறோம். ஒரு நிறுவனம் இலவசமாகச் செயலி செய்து தருவதாகச் சொல்கிறது. முன்பதிவு, வழிகாட்டிக்கு ஸ்டார் மதிப்பீடு, விலங்குப் பதிவு எல்லாம் ஒன்றிலேயே. வாங்கிக்கொள்ளலாமா?

உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். அவர்களிடம் சில கேள்விகள் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். சேரும் தகவல் யாருடையது? திட்டப் பணம் தீர்ந்து அவர்கள் கிளம்பிவிட்டால், அதுவரை சேர்ந்ததை உங்கள் கணினியில் திறக்கிற மாதிரி எடுத்துக்கொள்ள முடியுமா? சிக்னல் இல்லாத இடத்தில் வேலை செய்யுமா? வரைபடத்தில் எது தெரியலாம், எது தெரியக்கூடாது என்று கடைசியாகச் சொல்லும் உரிமை யாருக்கு? உங்கள் கோயில் காடு, தண்ணீர் ஊற்று, மருந்துச் செடி இருக்கும் சரிவு இதெல்லாம் ஒருமுறை வெளியே போய்விட்டால் திரும்ப அழைக்க முடியாது. இதற்கெல்லாம் முகம் சுளிக்கிறவர்களாக இருந்தால், இலவசம் என்பது வெறும் தூண்டில்.

செயலிதான் வேண்டும் என்றும் இல்லை. நமீபியாவில் 1996-ல் சட்டத்தை மாற்றி, சொந்த நிலத்து வனவிலங்கையும் சுற்றுலாவையும் நிர்வகிக்கும் உரிமையைக் கிராம மக்களின் அமைப்புகளுக்குக் கொடுத்தார்கள். 1998 முதல் அந்த அமைப்புகள் பதிவாகத் தொடங்கின. 2000 வாக்கில் அவர்களுக்காக ஒரு பதிவு முறை உருவானது. என்னவென்று நினைக்கிறீர்கள்? காகிதப் புத்தகம். ஊர்க் காவலர் ரோந்து போகும்போது பார்த்த விலங்கு, கள்ள வேட்டைத் தடயம், பயிரில் யானை புகுந்தது எல்லாவற்றையும் அதில் குறிப்பார். ஆண்டு முடிவில் அவர்களே கூட்டி, சுவரில் மாட்டும் வரைபடமாகப் போட்டு, கூட்டத்தில் வைத்துப் பேசுவார்கள். மூலப் புத்தகம் ஊரிலேயே இருக்கும், அரசுக்குப் போவது நகல். எந்த விவரத்தைச் சேர்க்கவேண்டும் என்பதையும் ஊரே தீர்மானிக்கும். இதில் கணினி இல்லை என்பது பெரிய விஷயமில்லை, எழுதியவரே கணக்கும் போட்டு முடிவும் எடுக்கிறார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. எத்தனையோ செயலிகளில் ஊர்க்காரர் தகவலை அனுப்புவார், அது எங்கோ ஒரு சர்வரில் போய் உட்காரும், அவருக்குத் திரும்பி எதுவும் வராது. கொஞ்ச நாளில் அனுப்புவதையே நிறுத்திவிடுவார்.

கணினியை வைத்தும் நன்றாகச் செய்யலாம். தென்னாப்பிரிக்காவில் 1990-களில் லூயிஸ் லீபன்பெர்க் என்பவர் உருவாக்கிய சைபர்டிராக்கரை அப்படிச் சொல்லலாம். காலடித் தடம் படிப்பதில் கரைகண்ட, ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத தடம் காண்பவர்களுக்காகச் செய்த மென்பொருள் அது. திரையில் எழுத்துக்குப் பதிலாகப் படங்கள். விலங்கின் படத்தைத் தொட்டு, அது மேய்கிறதா படுத்திருக்கிறதா என்பதைத் தொட்டால் இடத்தோடு பதிவாகிவிடும். தடம் காண்பவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வித்தையைச் சுற்றி மென்பொருளை அமைத்தார்கள். உங்களிடம் வரும் நிறுவனம் உங்கள் ஊர் வழிகாட்டியோடு ஒரு நாளாவது நடந்து பார்த்துவிட்டுத் திரை வடிவமைத்ததா என்று விசாரியுங்கள்.

ஸ்டார் மதிப்பீட்டைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், இது பலருக்குத் தோன்றாத ஆபத்து. யானைக்கு அருகே போகமாட்டேன் என்று மறுத்த வழிகாட்டிக்கு இரண்டு ஸ்டார், தந்தத்தைத் தொடுகிற தூரத்துக்குக் கூட்டிப் போனவருக்கு ஐந்து ஸ்டார் என்று விழும். ஆறு மாதத்தில் நல்ல வழிகாட்டியும் மாறிவிடுவார், சோறு வேண்டுமே. மதிப்பீடு இருக்கத்தான் வேண்டும் என்றால் கேள்வியை மாற்றச் சொல்லுங்கள்: தூரம் காத்தாரா, சத்தத்தைக் குறைக்கச் சொன்னாரா, குப்பையைத் திரும்ப எடுத்துவந்தாரா. வழிகாட்டியும் பயணிக்கு மதிப்பெண் போடட்டும், அதுதான் நியாயம்.

கேள்வி: எல்லா இடத்துக்கும் ஆன்லைன் முன்பதிவு, தினசரி வரம்பு என்கிறார்கள். ஸ்மார்ட்போன் இல்லாத ஏழைக்கு இனி இயற்கையும் கிடையாதா?

பயம் நியாயமானது, ஆனால் வரம்பை வைத்தாலே அப்படி ஆகிவிடும் என்று சொல்ல முடியாது. பிரான்சில் மர்செய் அருகே கலங்க் தேசியப் பூங்காவில் சூஜித்தோன் என்ற சிறு கடற்குடா இருக்கிறது. கோடையில் ஒரு நாளைக்கு 2,500 பேர் வரை இறங்கி, மண் அரித்து, மரத்தின் வேர்கள் வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டன. 2022 கோடையிலிருந்து நெரிசல் நாட்களில் 400 பேர் மட்டும், முன்பதிவு செய்து கியூஆர் கோடு காட்டினால் உள்ளே விடுகிறார்கள். கட்டணம் கிடையாது. காசு அதிகம் உள்ளவன் முந்தும் வழி இல்லை என்பதால் இது எனக்கு நல்ல ஏற்பாடாகத் தெரிகிறது.

தாய்லாந்தின் மாயா விரிகுடா இன்னும் கடுமையான வழியில் போனது. தினம் ஆயிரக்கணக்கானவர்கள் வந்து பவளப்பாறை சிதைந்ததும் 2018 ஜூனில் மூடினார்கள், 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். மூடிக்கிடந்த நாட்களில் கருமுனைச் சுறாக்கள் கரையோரத்துக்குத் திரும்பி வந்தன. இப்போது படகுகள் விரிகுடாவுக்குள் வரக்கூடாது, பின்பக்கம் இறங்கி நடந்து வரவேண்டும், ஒரே நேரத்தில் இருக்கும் ஆட்களுக்கும் வரம்பு.

உங்கள் ஊரில் இப்படி வந்தால் மூன்று விஷயத்துக்காகச் சண்டை போடுங்கள். இடங்களில் ஒரு பங்கைத் தொலைபேசிக்கும் நேரில் வருபவர்களுக்கும் ஒதுக்கவேண்டும். பதிவு செய்து வராதவர்களின் இடம் அன்றே மற்றவர்களுக்குத் திறக்கவேண்டும். எண் எப்படி வந்தது என்பதைக் காரணத்தோடு வெளியிடவேண்டும். இன்னொன்று, ஒரு அருவியை மூடினால் கூட்டம் பக்கத்து அருவிக்குப் போய்விடும், அந்தப் பக்கத்து ஊரையும் கூட்டத்தில் உட்காரவைக்கவேண்டும். பெரும்பாலும் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: மேப் காட்டிய வழியில் மலையேறி நடுவில் மாட்டிக்கொண்டோம். யாரைக் கேட்பது?

பிழைத்து வந்து கடிதம் எழுதியதில் மகிழ்ச்சி. 2021-ல் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் சிகரத்துக்குக் கூகுள் மேப் காட்டிய வழி உயிருக்கே ஆபத்தானது என்று அங்குள்ள மலையேற்ற அமைப்புகள் வெளிப்படையாக எச்சரித்தன. கார் நிறுத்துமிடத்திலிருந்து சிகரத்துக்கு நேராகக் கோடு போட்டால் கிட்டத்தட்ட செங்குத்துப் பாறை. மேப்புக்கு அந்தச் சரிவு தெரியவில்லை, உள்ளூர் ஆட்களுக்குத் தெரியும். எனவே மலைக்குப் போகும் முன் அந்த மலையை நிர்வகிப்பவர்களின் பக்கத்தைப் பாருங்கள், அடிவாரத்தில் ஒருவரிடம் கேளுங்கள். தவறான வழியைச் செயலியில் புகார் செய்வதையும் விட்டுவிடாதீர்கள்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம், பல நடைப்பயணச் செயலிகள் அதிலிருந்துதான் பாதையை எடுக்கின்றன. அங்கே ஒரு நுணுக்கம். போகக்கூடாத பாதையை அழித்துவிட்டால், அடுத்த மாதம் செயற்கைக்கோள் படத்தில் கோட்டைப் பார்த்துவிட்டு வேறொரு நல்ல மனிதர் திரும்பவும் வரைந்துவிடுவார். அழிக்காமல், ‘அனுமதி இல்லை’ என்ற குறிப்பைச் சேருங்கள். தரையிலும் அந்தப் பாதையின் வாயில் கிளைகளைப் போட்டு மறைத்தால்தான் வேலை முழுமையாகும்.

கேள்வி: தங்குமிடம் பதிவு செய்யும் தளத்தில் பச்சை இலைச் சின்னம் போட்டிருந்தால் நம்பலாமா?

சின்னத்தை யார் கொடுத்தார்கள் என்று பாருங்கள். புக்கிங்.காம் வைத்திருந்த இப்படிப்பட்ட திட்டம் வாடிக்கையாளர்களைத் தவறாக எண்ணவைக்கக்கூடும் என்று நெதர்லாந்தின் நுகர்வோர் ஆணையம் சொன்ன பிறகு 2024-ல் அதைக் கைவிட்டார்கள். வெளியார் வந்து சோதித்துக் கொடுத்த சான்றிதழா என்று கேளுங்கள். கழிவுநீர் எங்கே போகிறது என்று விடுதிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டால் பாதி உண்மை தெரிந்துவிடும்.

கேள்வி: எங்கள் ஏரியில் நடைபாதையும் படகுத்துறையும் கட்டப்போகிறார்கள். இணையத்தில் கருத்துக் கேட்டார்கள், எழுதினேன். பதிலே இல்லை. இதில் பங்கேற்பு எங்கே இருக்கிறது?

அமெரிக்காவின் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்பவர் 1969-ல் மக்கள் பங்கேற்புக்கு எட்டுப் படி கொண்ட ஓர் ஏணியை வரைந்தார். அதில் ‘கருத்துக் கேட்பது’ நான்காவது படிதான், வெறும் ஒப்புக்குச் செய்யும் வகையில் அவர் அதைச் சேர்த்தார். இணையப் படிவம் வந்ததால் படி எண் மாறிவிடவில்லை, கேட்பது சுலபமாகிவிட்டது, கேட்டதை மறப்பதும்தான்.

ஆனால் விடவேண்டாம். ‘இயற்கையைக் காப்பாற்றுங்கள்’ என்று எழுதினால் அடுக்கில் போய்ச் சேரும். ‘வடகிழக்குக் கரையில் இந்த மாதங்களில் இந்தப் பறவைகள் கூடு கட்டுகின்றன, படகுத்துறையைத் தென்கரைக்கு மாற்றுங்கள்’ என்று எழுதினால் ஒதுக்கக் கொஞ்சம் யோசிப்பார்கள். அதற்கான பதிவுகள் ஈபேர்டில் மாதவாரியாக இருக்கும், இல்லையென்றால் நாலு பேர் சேர்ந்து ஒரு வருடம் வாராவாரம் எழுதினால் உருவாகிவிடும். அப்புறம், வரைபடத்திலேயே குறி வைத்துக் கருத்துச் சொல்லும் படிவத்தைக் கேளுங்கள், உலகின் பல பூங்காக்களில் இது பழகிப்போன முறை. மீனவர் எங்கே வலை போடுகிறார், பிள்ளைகள் எங்கே குளிக்கிறார்கள் என்பதெல்லாம் அதில்தான் வெளியே வரும். போன் இல்லாதவர்களுக்கு ஒரு பெரிய அச்சு வரைபடத்தைக் கரையில் விரித்துவைத்தால் போதும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தக் கருத்து வந்தது, எதை ஏற்றார்கள், எதை ஏன் மறுத்தார்கள் என்று ஓர் அட்டவணையை எழுத்தில் கேளுங்கள். தனியாளாகக் கேட்காமல் பத்துப் பேர் கையெழுத்தோடு கேளுங்கள்.

கேள்வி: பறவையின் குரலைப் போனில் ஓடவிட்டால் அது அருகே வந்து உட்காருகிறது. தவறா?

அது உங்களைப் பார்க்க வரவில்லை. தன் எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டான் என்று விரட்ட வருகிறது. குஞ்சுக்கு இரை தேடவேண்டிய நேரம் அதில் போகிறது, இனப்பெருக்கக் காலத்தில் இதைச் செய்யவே வேண்டாம். மெர்லின் போன்ற செயலியில் குரலைக் கேட்டு அடையாளம் சொல்லும் வசதி வேறு, அது காதைத் தீட்டிக் கேட்பதோடு சரி, தாராளமாகப் பயன்படுத்தலாம். சரிபார்க்க ஒலிப்பதிவைக் கேட்டே ஆகவேண்டும் என்றால் இயர்போனை மாட்டிக்கொள்ளுங்கள்.